குடும்பத் தலைவர்: இல்லை

மூன்றாம் சுரங்கக் குடியிருப்பு
கீவினா, மிச்சிகன்
1935 நவம்பர் 12

நெஸ்டருக்கு,

இது உன் கைக்கு வந்து சேருமா என்று தெரியவில்லை. ஜூன் மாதம் நீ போட்ட அட்டையில் இருந்த முகாம் முகவரிக்கே அனுப்புகிறேன். நீ வேறு முகாமுக்குப் போயிருந்தால் யாராவது நல்லவன் சேர்க்கட்டும்.

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். லெம்பிக்கு ஒன்பது முடிந்துவிட்டது. உயரமாகிவிட்டாள். சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்பு மட்டும் ஓடுகிறது. அது ஓடும்வரை கம்பெனி திரும்பத் திறக்கும் என்று ஆண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். மூன்று வருடமாகச் சொல்கிறார்கள். நிவாரணக் கடையில் மாவும் உப்புப் பன்றிக்கறியும் தருகிறார்கள். போன மாதம் தலைக்கு நாலு மஞ்சள் பழம் கொடுத்தார்கள், கிரேப்ஃப்ரூட் என்று பெயராம். சான்னா அக்கா அதை உருளைக்கிழங்கு மாதிரி காலையிலிருந்து மாலைவரை வேகவைத்துவிட்டு, "வாஷிங்டன்ல இருக்கறவங்களுக்குப் பல்லு எதுல செஞ்சிருக்கு?" என்று கேட்டாள். நான் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அரசாங்க வேலைத் திட்டத்தில் பெண்களுக்கு ஒரு தையல் கூடம் திறக்கிறார்கள். போய்க் கேட்டேன். விசாரணை அதிகாரி மிஸ் ட்ரெம்பாத் என்று ஒரு பெண். சுரங்கத்தில் உங்களுக்கு மேலாளராக இருந்த பழைய கேப்டனுக்குத் தங்கை மகள்.

"புருஷன் எங்கம்மா?"

"வேலை தேடிப் போயிருக்கார். விஸ்கான்சின் பக்கம்."

"அப்போ உங்க வீட்டுக்குத் தலைவர் இருக்கார். அவர் வந்து பதிவு பண்ணட்டும். ஆனா சொல்லிடறேன், ரோடு வேலைக்கு ஆள் நிறைஞ்சாச்சு. பேரு வரிசைல நிக்கும்."

"தையல் வேலை நான் செய்வேன். எனக்குத் தாங்க."

"அது குடும்பத் தலைவரா இருக்கற பொம்பளைங்களுக்கு மட்டும். ஒண்ணு விதவையா இருக்கணும், இல்ல புருஷன் படுத்த படுக்கையா இருக்கணும், இல்ல விட்டுட்டுப் போயிருக்கணும். இதுல நீங்க யாரு?"

எனக்குப் பின்னால் பதினோரு பேர் நின்றார்கள். "விட்டுட்டுப் போயிட்டார்" என்றேன்.

"இப்பத்தான் வேலை தேடிப் போனார்னீங்க?"

"வெட்கத்துல சொன்னேன்."

அவள் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினாள். 'குடும்பத் தலைவர்: இல்லை.' கணவன் கைவிட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது, இருக்குமிடம் தெரியாது, இது சத்தியம். கையெழுத்துப் போட்டேன்.

அதனால் இனி நம் வீட்டு முகவரிக்கு எழுதாதே. தபால் கொடுப்பவருக்கு எல்லோருடைய கையெழுத்தும் தெரியும். சான்னா அக்கா பெயருக்கு, அடுத்த குடியிருப்புக்குப் போடு. பால் கொண்டு வரும்போது தருவாள். திடீரென்று வந்து நிற்காதே. வருகிறேன் என்று நீ எழுதவில்லைதான். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

ஹில்யா

*

மரம் வெட்டும் முகாம்
வடக்கு விஸ்கான்சின்
1935 டிசம்பர் 4

ஹில்யாவுக்கு,

ஓடிப்போன நெஸ்டர் எழுதுகிறேன்.

கடிதம் வந்தது. பக்கத்துப் படுக்கை நில்ஸிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் சுவீடன்காரன், எதற்கும் சிரிப்பான். "உம் பொண்டாட்டி உன்னக் காகிதத்துல கொன்னிருந்தா இன்னும் நல்ல வேலையா கிடைச்சிருக்கும்டா" என்றான். நானும் சிரித்தேன். பிறகு வெளியே போய் ஒரு மணி நேரம் விறகு பிளந்தேன், யாரும் பிளக்கச் சொல்லவில்லை.

பதினாறு வருடம் பூமிக்கு அடியில் ஒரு ஷிஃப்ட் தவறியதில்லை. பாறை விழுந்து தோள் உடைந்த வருடம்கூட நாலாவது வாரம் இறங்கிவிட்டேன். அப்படிப்பட்டவனை ஒரு தாளில் ஓடிப்போனவனாக ஆக்கிவிட்டாய். எழுதாததற்குக் காரணம் தபால் தலை இல்லாததுதான். ஆகஸ்டில் கோடரி காலில் இறங்கியது. அதையும் சேர்த்துக்கொள்.

கிறிஸ்துமஸுக்கு வரலாம் என்று இருந்தேன். சரி, வரவில்லை.

ஒன்று மட்டும் சொல். எதற்காக விட்டுப் போனான் என்று அவள் கேட்டிருப்பாளே. நீ என்ன சொன்னாய்?

நெஸ்டர்

*

மூன்றாம் சுரங்கக் குடியிருப்பு
1936 ஜனவரி 19

நெஸ்டருக்கு,

நான் ஒன்றும் சொல்லவில்லை. காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. மிஸ் ட்ரெம்பாத் பேனாவை மையில் தோய்த்து, "குடிதானே?" என்று கேட்டாள். கேள்விகூட இல்லை, முன்னால் வந்த ஏழு பேருக்கும் அதையே எழுதியிருக்கிறாள். நான் தலையசைத்தேன்.

உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். மதுவிலக்குச் சங்கத்துக்கு ஆறு வருடம் செயலாளராக இருந்தவன் நீ. தையல் கூடத்தைச் சங்கத்து மண்டபத்து மாடியில்தான் வைத்திருக்கிறார்கள். ஏறும்போது படிக்கட்டில் உறுப்பினர் பலகை. புத்தாண்டு கழிந்து வந்தபோது உன் பெயரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். சங்கத் தலைவர் படியிலேயே என்னை நிறுத்தி, "நாங்க யாருமே கண்டுபிடிக்கலியேம்மா, எவ்வளவு சாமர்த்தியமா மறைச்சிருக்கான்" என்றார். "ஆமாங்க, ரொம்ப சாமர்த்தியம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

இருபத்திரண்டு பேர் தைக்கிறோம். காலால் மிதிக்கும் மிஷின். துணி ரயிலில் கட்டுக் கட்டாக வருகிறது, எல்லாம் ஒரே நீலக் கோடு. ஆண்களுக்குச் சட்டை, பிள்ளைகளுக்குக் கவுன், பிறக்கப் போகும் குழந்தைகளுக்குத் துணிமணிகள். தைத்தது எல்லாம் திரும்ப நம் ஊர்களுக்கே நிவாரணமாக வருகிறது. லெம்பி சொன்னாள்: "பள்ளிக்கூடத்துல பாதிப் பேர் நீ தைச்சதத்தாம்மா போட்டிருக்காங்க. மேல ஸ்வெட்டர் போட்டு மறைச்சுக்கறாங்க. அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்தாக்கூடக் கழட்ட மாட்டேங்கறாங்க."

அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சத்தியப் பிரமாணத்தைப் பற்றி என்ன சொல்வது? பள்ளிக்கூடத்தில் ஒருத்தி ஏதோ சொல்லியிருக்கிறாள். வந்து கேட்டாள்.

"அப்பா குடிச்சாராம்மா?"

"எனக்குத் தெரியாது" என்றேன். அந்தத் தாளில் எழுதியதைவிட இதுதான் மோசமான பொய்.

கால் எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிதான் எழுதினாய்.

ஹில்யா

*

வடக்கு விஸ்கான்சின்
1936 மார்ச் 30

ஹில்யாவுக்கு,

கால் நடக்கிறது. பனி உருகுகிறது, முகாமை மூடுகிறார்கள். உருகினால் மரத்தை இழுக்க முடியாது.

நில்ஸும் நானும் இங்கே ஊருக்குள் நிவாரண அலுவலகத்துக்குப் போனோம். ஒரு வாலிபன், கழுத்தில் டை, மேசையில் நாலு நிறத்தில் தாள்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

ஆயிற்று என்றால் ஊர் கேட்பான். ஊர் சொன்னால் மிச்சிகனுக்கு எழுதிக் கேட்பார்கள். உன் மிஸ் ட்ரெம்பாத் மேசைக்குப் போய் நிற்கும். அது எனக்குப் புரியாமல் இல்லை. "இல்லை" என்றேன்.

"முப்பத்தொன்பது வயசாச்சு, ஏன் பண்ணிக்கல?"

"யாரும் சேரல."

நில்ஸ் பக்கத்தில் இருமினான். அந்த வாலிபன் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டான். தனி ஆள் என்பதால் கடைசி வரிசை. மரக்கன்று நடும் வேலை, மாதத்தில் பாதி நாள். ஒரு கொட்டகையில் நாற்பது பேர். காலையில் கஞ்சி, மாலையில் பீன்ஸ்.

ஆக, ஒரே அரசாங்கத்துக்கு இரண்டு சத்தியம் கொடுத்திருக்கிறோம். நீ புருஷன் விட்டுப் போனவள், நான் கல்யாணமே ஆகாதவன். இரண்டு தாளும் வாஷிங்டனில் ஒரே அலமாரிக்குப் போகும் என்று நில்ஸ் சொல்கிறான். சந்தித்துக்கொள்ளட்டும்.

குடி விஷயத்தை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. வாழ்நாளில் நாக்கில் படாததை என் தலையில் கொட்டியிருக்கிறாய். வேறு பெண் என்று எழுதியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

லெம்பிக்கு ஒரு முள்ளம்பன்றி முள் வைத்திருக்கிறேன். சான்னா அக்கா கொடுத்ததாகச் சொல்.

நெஸ்டர்

*

மூன்றாம் சுரங்கக் குடியிருப்பு
1936 ஜூலை 15

நெஸ்டருக்கு,

ஒன்பது நாளாக வெயில். இந்த ஊரில் இப்படி ஒரு வெயிலை யாரும் பார்த்ததில்லை. ஏரியில் கழுத்துவரை நின்றால்தான் மூச்சு விட முடிகிறது. மண்டபத்து மாடியில் இரண்டு பெண்கள் மிஷின் மேலேயே மயங்கி விழுந்தார்கள். தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடி தைத்தோம்.

நேற்று மிஸ் ட்ரெம்பாத் வீட்டுக்கு வந்தாள். அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும், அது அவள் வேலை. உன் உடுப்புகளைப் போன மாதமே சான்னா அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றினாள், முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

"மிசஸ் லாஹ்தெலா, மேலேர்ந்து புது உத்தரவு வந்திருக்கு. விட்டுட்டுப் போனவங்க மேல புகார் குடுத்தாத்தான் இனி வேலைல வச்சுக்க முடியும். ஷெரிப் ஆபீஸ்ல குடுக்கணும். வாரண்ட் போடுவாங்க."

"அவர் எங்க இருக்கார்னே தெரியாதே."

"தெரிய வேண்டாம். வாரண்ட் இருந்தாப் போதும்." தொப்பியால் விசிறிக்கொண்டாள். "எனக்கும் இது பிடிக்கலம்மா. முப்பத்தேழு வீடு இன்னைக்கு. எல்லா வீட்லயும் இதையே சொல்லிட்டு வரேன்."

பத்து நாள் கெடு கொடுத்தாள். நான் இன்று காலையே போய்க் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். பத்து நாளுக்குள் உன் பதில் வந்திருக்கவும் கூடும். ஆனால் நீ என்ன எழுதுவாய் என்று தெரியும், அதற்குப் பிறகு நான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அது இதைவிடக் கஷ்டம்.

விஸ்கான்சினுக்கு வந்து பிடிக்க அவர்களிடம் பெட்ரோல் கிடையாது என்று சான்னா அக்கா சொல்கிறாள். இந்தப் பக்கம் கால் வைக்காதவரை பயமில்லை.

ஹில்யா

*

வடக்கு விஸ்கான்சின்
1936 ஆகஸ்ட் 2

ஹில்யா,

போலீஸில் கொடுத்துவிட்டாய். என் வீட்டுக்கு நான் வந்தால் என்னைப் பிடித்து உள்ளே வைப்பார்கள், அதற்கு என் மனைவி கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுக்கூடச் செய்யவில்லை.

நல்லது. இனி பொய் சொல்லும் சிரமம் உனக்கு வேண்டாம். நிஜமாகவே விட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்.

நெஸ்டர்

*

மூன்றாம் சுரங்கக் குடியிருப்பு
1936 டிசம்பர் 13

நெஸ்டருக்கு,

ஆகஸ்டுக்குப் பிறகு இது நான் எழுதும் நாலாவது கடிதம். மூன்றுக்குப் பதில் இல்லை. திரும்பியும் வரவில்லை, ஆகவே உன் கையில்தான் இருக்கின்றன. கெஞ்சுவதற்கு எழுதவில்லை. கெஞ்சல் மூன்றாவது கடிதத்தோடு தீர்ந்துவிட்டது.

தையல் கூடத்துக்கு என்னை மேற்பார்வையாளராகப் போட்டிருக்கிறார்கள். இருபத்தெட்டுப் பெண்கள். துணி வெட்டுவது, பங்கு பிரிப்பது, மிஷின் பழுது எல்லாம் நான்தான். மிஷினைப் பிரித்துப் பூட்ட யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, திறந்து பார்த்தேன், புரிந்தது. ஒரே நீலக் கோட்டுத் துணியைக் கண்டு எல்லோருக்கும் வெறுப்பாகிவிட்டது. நான் கோட்டைக் குறுக்காக வைத்து வெட்டச் சொன்னேன். காலருக்கு மட்டும் மாவு மூட்டைத் துணியைச் சாயம் போட்டு வைத்தோம். பள்ளிக்கூடத்தில் இப்போது சில பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றுகிறார்கள் என்று லெம்பி சொன்னாள். அன்று முழுக்க எனக்குச் சோர்வே தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. காலையில் பனியை வெட்டி ஒதுக்கிவிட்டுப் போகிறேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், நெஸ்டர் மனைவி என்று இல்லை. முதல் வருடம் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது அடிப்பதில்லை. காபி போடும்போது ஒரு கோப்பைக்குத்தான் தண்ணீர் அளக்கிறேன். இதை உனக்கு எழுதக் கூடாதுதான். ஆனால் வேறு யாருக்கு எழுதுவது? சான்னா அக்காவைத் தவிர உண்மை தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

களைப்பாக இருக்கிறது, நெஸ்டர். வேலையால் இல்லை.

ஹில்யா

*

மூன்றாம் சுரங்கக் குடியிருப்பு
1937 மார்ச் 7

நெஸ்டருக்கு,

செம்பு விலை ஏறியிருக்கிறது. சுரங்கத்தைத் திறக்கிறார்கள். வியாழக்கிழமை கம்பெனி அலுவலக வாசலில் நின்று பெயர் வாசித்தார்கள். அறுபது பேர். பனிக்காற்றில் முந்நூறு பேர் நின்று கேட்டோம். உன் பெயர் எட்டாவதாக வந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பழைய மேஸ்திரி, "அவன் எங்கேருந்தாலும் வரச் சொல்லும்மா. மே ஒண்ணாம் தேதி வரை இடத்தைப் பிடிச்சு வைக்கறேன். அவன மாதிரி பாறை சரியாம மரச்சட்டம் கட்ட இங்க ஆள் இல்ல" என்றார். வாசலுக்குப் பக்கத்தில் துணை ஷெரிப்பும் நின்றிருந்தார். அவரும் கேட்டார்.

மூன்று வழி இருக்கிறது. நான் அலுவலகத்துக்குப் போய், சத்தியம் பொய் என்று சொல்லிவிடலாம். உன் மேல் வழக்கு போகும், என் மேல் வரும். லெம்பியைச் சான்னா அக்கா பார்த்துக்கொள்வாள். நீ சொன்னால் செய்கிறேன்.

அல்லது நீ வந்து குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம். குடியை விட்டுவிட்டேன், இனிக் குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் நீதிபதி திட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறாராம். இந்தக் குளிர்காலத்தில் மூன்று பேரை அப்படி அனுப்பியிருக்கிறார். ஆனால் குடித்தேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். அது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நீ வராமலும் இருக்கலாம். அதையும் ஒரு வழியாகவே எழுதுகிறேன்.

நீ வந்தால் என் வேலை போகும். தலைவர் இருக்கிற வீட்டுப் பெண்ணுக்கு அங்கே இடமில்லை. இதை உன்னைத் தடுக்கச் சொல்லவில்லை. மறைத்தேன் என்று பிறகு இருக்கக் கூடாது.

ஹில்யா

*

கவுன்டி சிறை
1937 ஏப்ரல் 8

ஹில்யாவுக்கு,

வீட்டிலிருந்து பதினோரு மைல் தூரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சான்னா அக்கா பெயருக்குப் போட வேண்டியதில்லை. இனி நேரே உன் பெயருக்கே எழுதலாம். அந்த ஒரு லாபம்.

செவ்வாய்க்கிழமை ரயிலை விட்டு இறங்கி நானே ஷெரிப் அலுவலகத்துக்குப் போனேன். நேற்று நீதிமன்றம். நடந்ததை நீ யார் யார் வாயிலிருந்தோ கேட்டிருப்பாய். நானே சொல்லிவிடுகிறேன்.

ரயிலில் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். குடித்தேன், விட்டுவிட்டேன், மன்னியுங்கள். மூன்றே சொல். நீதிபதிக்குச் சளி. தாளை வாசித்தார்.

"குடியால குடும்பத்தை விட்டுட்டுப் போனதாப் புகார். ஒத்துக்கறியா?"

"விட்டுட்டுப் போனது நெசம். குடிச்சது பொய்."

வாய் அப்படியே சொல்லிவிட்டது. மதுவிலக்குச் சங்கத் தலைவர் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அவரைப் பார்த்ததால்தானோ என்னவோ.

"குடிக்காதவன் எதுக்குய்யா போன?"

பொய் ஒன்று இருந்தது, அதை நானே தூக்கி எறிந்துவிட்டேன். மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

1934 செப்டம்பரில் நிவாரணக் கடை வரிசையில் நின்றிருந்தேன், கையில் காலிச் சாக்கு. பள்ளிக்கூடம் விட்டு லெம்பி மூன்று பெண்களோடு அந்த வழியாக வந்தாள். நான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்புவதற்கு முன் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். அவளும் தெரியாதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தப் பெண்களோடு ஏதோ பேசிக்கொண்டே போய்விட்டாள். எட்டு வயது. எனக்காகத்தான் அப்படிச் செய்தாள். மாலையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள்.

நாலாவது நாள் நான் கிளம்பினேன். வேலை தேடி என்று உன்னிடம் சொன்னேன். திரும்பி வருவதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் படி இறங்கினேன், ஹில்யா. தபால் தலை இல்லை என்று எழுதினேன் அல்லவா, இருந்தது. கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தேன் என்று எழுதியதும் பொய். என்னை ஓடிப்போனவன் என்று நீ எழுதிக்கொடுத்தபோது எனக்கு வந்த கோபம், பொய்ப் பழி சுமந்தவன் கோபம் இல்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவனுடைய கோபம். வாரண்டுக்குப் பிறகு எட்டு மாதம் எழுதாமல் இருந்ததும் அதனால்தான்.

இதையெல்லாம் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. வரிசை, மகள் பார்த்தாள், வெட்கம் என்று ஏதோ உளறினேன். நீதிபதி மூக்கைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "அப்போ நிதானமா யோசிச்சே போயிருக்கே?"

"ஆமாங்க."

"குடிகாரன்னா புத்தி சொல்லி அனுப்பியிருப்பேன். இது அதைவிட மோசம்."

இருபது நாள். உண்மைக்கு அவ்வளவுதான் விலை என்றால் கொடுத்துவிடலாம். இருபத்தேழாம் தேதி விடுகிறார்கள். மேஸ்திரி இடத்தை வைத்திருப்பதாக ஆள் அனுப்பினார்.

நீ வா என்று சொன்னால் வருகிறேன். சொல்லாவிட்டால் குடியிருப்பின் மறுபக்கம் தனி ஆட்கள் தங்கும் விடுதி இருக்கிறது. அங்கிருந்தே சுரங்கத்துக்குப் போகிறேன், உன் வேலையும் உனக்கு இருக்கும். யோசித்து எழுது.

நெஸ்டர்

*

மூன்றாம் சுரங்கக் குடியிருப்பு
1937 ஏப்ரல் 21

நெஸ்டருக்கு,

நீதிமன்றத்துக்கு நான் வரவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு பத்து மணிவரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், பிறகு கோட்டைக் கழற்றிவிட்டுத் தைக்கப் போனேன். நீ கேட்க மாட்டாய், அதனால் சொல்கிறேன்.

நீ எழுதியது எனக்கு முன்பே தெரியும். கடை வரிசை தெரியாது, லெம்பி பார்த்தது தெரியாது. மற்றது தெரியும். கிளம்புவதற்கு முன் மூன்று நாள் விறகு வெட்டினாய். கொல்லைச் சுவர் முழுக்க அடுக்கினாய், இரண்டு குளிர்காலத்துக்கு வந்தது. வேலை தேடிப் போகிறவன் அவ்வளவு விறகு வெட்ட மாட்டான். அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே உன்னை வழியனுப்பினேன். மிஸ் ட்ரெம்பாத் மேசையில் என் கை தயங்கவே இல்லை. பொய்ச் சத்தியம் என்று உனக்கு எழுதினேனே தவிர, போடும்போது அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. விட்டுப் போகவில்லை என்று நீ மறுத்து எழுத வேண்டும் என்றுதான் பொய் என்று எழுதினேன். நீ மறுத்தாய். அதை வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் ஓட்டினேன்.

லெம்பியிடம் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பதினோரு வயது ஆகப் போகிறது. முழுவதும் கேட்டுவிட்டு, "அவர் பார்க்கலேன்னுதானே நான் நெனச்சேன்" என்றாள். பிறகு அழுதாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. உன்னிடம் கேட்பாள்.

நீ சொன்ன விடுதியைப் பற்றி மூன்று நாள் யோசித்தேன். நல்ல வழிதான். என் வேலை இருக்கும், உன் வேலை இருக்கும், தாள்களும் சரியாக இருக்கும். ஆனால் தாளுக்குச் சரியாக இருந்து இருந்து எனக்கு அலுத்துவிட்டது.

இன்று மிஸ் ட்ரெம்பாத் மண்டபத்துக்கே வந்தாள். மிஷின்களுக்கு நடுவில் நின்று, "நிச்சயமாத்தான் சொல்றீங்களா? உங்க இடத்துக்கு எனக்கு வேற ஆள் கிடையாது" என்றாள். நிச்சயம் என்றேன். தாளை எடுத்து, 'குடும்பத் தலைவர் திரும்பிவிட்டார்' என்று எழுதி, கீழே கையெழுத்துக் கேட்டாள். அதற்குத்தான் நெஸ்டர், எனக்குக் கை வரவில்லை. பேனாவை இரண்டு முறை கீழே வைத்தேன். இருபத்தெட்டு மிஷினும் நின்றுவிட்டன. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டேன்.

ஆகவே வா. உன்னை மன்னித்துவிட்டேனா என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவாவது நீ இங்கே இருக்க வேண்டும். இருபத்தேழாம் தேதி செவ்வாய்க்கிழமை. அதுதான் கூடத்தில் எனக்குக் கடைசி நாள். நாலு மணிவரை சாவி என்னிடம். சிறை வாசலுக்கு வர முடியாது. மதியப் பேருந்தில் வந்து நேரே வீட்டுக்குப் போ. லெம்பி பள்ளிக்கூடத்திலிருந்து மூன்றரைக்கு வந்துவிடுவாள். நான் வருவதற்குள் அரைமணி நேரம் இருக்கும். அதை அவளோடு பேசி முடித்துவிடு. நான் நடுவில் இருக்க மாட்டேன். இனி உன்னைப் பற்றி எந்தத் தாளிலும் நான் எதுவும் எழுதிக்கொடுப்பதாக இல்லை.

ஹில்யா